கேமராவில் வளைந்த நிலைக்கால்

அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு குமிழி ஓடிக்கொண்டிருக்கும் கட்டை, அதன் பெயர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் படத்தை ஒற்றை விரலால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட முதலில் செத்துப்போனவரின் படத்தை நேராக்கினார், அப்புறம்தான் அழுதார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய மச்சினன் வைத்த பெயர் அது. வெளியே கோபித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமைதான்.

வீடுகளைப் படம் எடுப்பது அவர் தொழில். விற்பனைக்கு வரும் வீடுகள், புதிதாகக் கட்டி முடித்த அலுவலகங்கள், ஹோட்டல் அறைகள். மனிதர்களை எடுக்க மாட்டார். "மனுஷன் அசைவான், கண்ணை மூடுவான், எடுத்து முடிச்சதும் 'நானா இவ்வளவு குண்டு'ன்னு சண்டைக்கு வருவான். சுவருக்கு அந்த வாயெல்லாம் கிடையாது" என்பார். ஆனால் சுவருக்கு வேறொரு குணம் உண்டு. படத்தில் ஒரு நூல் சாய்ந்தாலும் வீடே விழப்போகிறது போலத் தெரியும், பார்க்கிறவன் வாங்காமல் போய்விடுவான். அந்த ஒரு நூலைப் பிடிக்கிற கண் அவருக்கு இருந்தது. இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணைக் கேமராவில் ஒட்டி, விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். முப்பது வருஷமாக அந்தக் குடும்பம் அந்த ஒரு கண்ணை நம்பித்தான் சாப்பிட்டது.

எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சம் சரிசெய்வது, வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது, அவர்களிடம் பேச்சு வாங்குவது எல்லாம் மனைவியின் வேலை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி. கழற்றினால் எதிரே நிற்பது கணவனா கதவா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்கோ படிப்பதற்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி, அதையும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போடுவார். "எனக்கும் சேர்த்து அவர் பார்த்துக்குவார்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புது வீட்டின் சமையலறையை எடுத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் கேமராவை நிறுத்தி, மட்டம் பார்த்து, கண்ணை வைத்தார். கதவின் நிலைக்கால் நடுவில் வளைந்திருந்தது. அதிகமில்லை, ஈரத்தில் ஊறிய அட்டை போல ஒரு சின்ன நெளிவு. தலையை எடுத்து வெறுமனே பார்த்தார். நிலைக்கால் நேராக நின்றது. மறுபடி கண்ணை வைத்தார். வளைந்தது. சரி என்று ஒரு படம் எடுத்து, கேமராவின் பின்னால் இருக்கும் திரையில் பார்த்தார். அதில் நிலைக்கால் சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

வீட்டைக் கட்டியவன்மேலும் குற்றமில்லை, படத்திலும் குற்றமில்லை. அப்படியென்றால் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிதான் கெட்டுப்போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார்.

அவருடைய கேமராவைப் பற்றி இங்கே நாலு வரி சொல்லியாக வேண்டும். அது டிஎஸ்எல்ஆர். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு சிறு கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி, திரும்பி, எடுப்பவரின் கண்ணுக்கு வரும். பொத்தானை அழுத்தினால் அந்தக் கண்ணாடி 'டப்'பென்று எழும்பி வழிவிடும், வெளிச்சம் நேரே பின்னால் போய்ப் படமாக விழும். ஆக, கண் பார்க்கிற வழி வேறு, படம் விழுகிற வழி வேறு. கண் பார்க்கிற வழியில் கோளாறு என்றால் பார்ப்பது கோணலாகத் தெரியும், படம் நேராக விழும். அவர் போட்ட கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. தொழில் தெரிந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். தொழில் தெரியாதவனாக இருந்திருந்தால் பயந்துபோய் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடியிருப்பான்.

கோளாறு அவருடைய வலது கண்ணில். இது உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குற்றத்தை மூடி மறைத்துவிடும், ஊதாரி அண்ணனின் கடனை வீட்டுக்குத் தெரியாமல் கட்டிவிடும் தம்பியைப் போல. ஒன்றை மூடினால்தான் குட்டு வெளிப்படும். அவர் ஒரு கண்ணை மூடுவது கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும்தான். ஒரே ஒரு தடவை இடது கண்ணை அதில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் வலது கை இருக்கும்போது யாராவது இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்களா? நீங்களும் நானும் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேமராவை நீட்டினார்.

"உள்ள கண்ணாடி நெளிஞ்சு போச்சு. எல்லாம் வளைஞ்சு தெரியுது."

"எங்க, குடுங்க." அவள் மூக்குக்கண்ணாடியோடு கேமராவில் கண்ணை ஒட்டி ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கு நேராத்தானே தெரியுது?"

"உனக்கு என்னைக்குத்தான் கோணல் தெரிஞ்சிருக்கு? தெரிஞ்சிருந்தா என்னைக் கட்டியிருப்பியா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். முதல் வாய்ப்பு அந்தச் சிரிப்போடு போனது.

அடுத்து கேமரா ரிப்பேர்க்காரரிடம் போனார். ரிப்பேர்க்காரர் லென்ஸைக் கழற்றி, உள்ளே காற்றடித்து, கண்ணாடியைத் துடைத்து, திருகாணிகளை முடுக்கி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைக் குறிவைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா பாருங்க. நடுவுல. ஒரு நெளிவு இருக்கும்."

"எனக்குத் தெரியலை சார்."

"தெரியாது. நாள் பூரா திருகாணியைப் பார்க்கிற கண்ணு உங்களோடது. ஒரு நூல் கோணல்னா எனக்குத்தான் தெரியும்."

ரிப்பேர்க்காரர் வாடிக்கையாளரோடு வாதாடுகிறவர் இல்லை. "பழசாயிடுச்சு சார். இதுக்கு இனிமே பார்ட்ஸும் வராது. எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிட்டாங்க" என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டார்.

மிரர்லெஸ் என்றால் அந்தக் கண்ணாடியே இல்லாத கேமரா. உள்ளே ஒரு குட்டித் திரை இருக்கும். விழப்போகிற படத்தையே அது கண்ணுக்குக் காட்டிவிடும். கண்ணாடி இல்லாத கேமராவில் கண்ணாடி எப்படி நெளியும்? அதை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. இப்படி நினைத்த உடனே ஒன்றைக் கடன் வாங்கியாவது கண்ணில் வைத்துப் பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் அங்கேதான் மச்சினன் குறுக்கே நின்றான்.

மச்சினனும் படம் எடுக்கிறவன்தான். பிறந்த குழந்தைகள், பள்ளிக்கூட மேடைகள், கம்பெனி விருந்துகள் என்று ஆட்களாகவே எடுப்பவன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதிலிருந்து அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒருநாளும் அமைதியாக நடந்ததில்லை.

"அத்தான், எடுக்கப்போற படம் எடுக்கிறதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியும். இதுக்கு மேல என்ன வேணும்?"

"நீ பார்க்கிறது டிவிடா மச்சான். நான் வீட்டைப் பார்க்கணும். வீட்டைப் பத்தி டிவியில வர்ற செய்தியை இல்ல."

"உங்க கேமராவைத் தூக்கித் தூக்கித்தான் உங்க தோள் ஒரு பக்கமா இறங்கிடுச்சு. ரசமட்டத்துக்கே ரசமட்டம் வைக்கணும்."

"உன்னோடது மத்தியானத்துக்குள்ள பேட்டரி தீர்ந்து செத்துப்போகும். அதுக்கு எடுக்கிற நேரத்தை விட சார்ஜ் போடுற நேரம் ஜாஸ்தி."

மனைவி இருவருக்கும் நடுவில் குழம்புக் கரண்டியோடு வந்து நின்றால்தான் வாய் ஓயும். யாரும் யாரிடமும் தோற்றது கிடையாது. அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால், இவன் பிடித்ததற்கும் மூன்று கால். இப்படி நாலு வருஷம் கட்டிக் காத்த வாதத்தை விட்டுவிட்டு, அவன் கையில் இருப்பதையே வாங்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பதா? மீசையில் மண் ஒட்டாமல் தோற்க ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் அவர் யோசித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா கேட்பது போல ஆரம்பித்தார். "இந்த டிஎஸ்எல்ஆர்ல எல்லாம் பழசானா கண்ணாடி நெளிஞ்சு கோடு வளைஞ்சு தெரியும் போல."

மச்சினனுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது. "அத்தான், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அவன் சொன்னதில் விஷமம் ஒன்றும் இல்லை. எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவனிடம் கேமராவைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற எண்ணமும் அன்றே செத்தது.

அப்புறம் மழைக்காலம் முழுக்க அவர் முடிவெடுத்துக்கொண்டே இருந்தார். காலையில் மிரர்லெஸ்தான் என்பார். மத்தியானம், கையில் இருக்கும் லென்ஸ்கள் எல்லாம் அதில் பொருந்த நடுவில் ஒரு வளையம் மாட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, வேண்டாம், இதே டிஎஸ்எல்ஆரில் இன்னொன்று வாங்கலாம் என்பார். மறுநாள், டிஎஸ்எல்ஆரைக் கம்பெனிக்காரர்களே கைவிட்டுவிட்டார்கள், வாங்கினால் அனாதைப் பிள்ளையைத் தத்தெடுத்த மாதிரி என்பார். அதற்கு மறுநாள், அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம், பொறுத்தார் பூமியாள்வார் என்பார். யாரோ ஓர் இளைஞன் கம்ப்யூட்டரில் தோன்றி இரண்டு கேமராவையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவதை, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார். கம்ப்யூட்டரில் எல்லாம் நேராகத்தான் தெரிந்தது.

"மதில் மேல இருக்கிற பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதிச்சிடும்" என்றாள் மனைவி. "நீங்க மதில்லயே குடித்தனம் நடத்துறீங்க. ஒண்ணை வாங்கித் தொலைங்களேன்."

"அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் அழச் சொல்றியா?"

இதற்குள் நெளிவோடு ஒரு கறையும் சேர்ந்துகொண்டது. கேமராவில் கண்ணை வைத்தால் நட்டநடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. உள்ளே தூசி படிந்திருக்கிறது என்று நினைத்தார். கண் பார்க்கிற வழியில் தூசி படிந்தால் படத்தில் அது விழாது, இதுவும் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. காற்றடித்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார். படத்தில் கறை இல்லை. பார்த்தீர்களா, தூசியேதான். அறிவு அவருக்கு உதவி செய்வதை விட்டுவிட்டு அவரை நன்றாக ஏமாற்றிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மனைவி கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இந்தப் படுக்கையறையில கட்டில் மங்கலா இருக்கு. பின்னால ஜன்னல் பளிச்சுன்னு இருக்கு. ஜன்னலையா விக்கிறாங்க?"

அவர் வந்து பார்த்தார். அவருடைய வாழ்நாளில் இப்படி ஒரு படத்தை எடுத்ததில்லை. நடுவில் இருப்பது சரியாகத் தெரியாததால், எதன்மேல் குறிவைக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்திருந்தார். அதற்கடுத்த வேலையிலும் அப்படி ஆனது. வாடிக்கையாளரிடம் மனைவி வாய்கூசாமல் புளுகினாள். ஃபைல் கெட்டுப்போச்சு, இன்னொரு தடவை வந்து எடுத்துத் தருகிறோம் என்றாள். போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் என்று அவர் நினைத்தார். கோபம் இல்லை, பயம். கைத்தொழில் கைவிட்டுப் போகிறது, வயதாகிவிட்டது, இதை எப்படி அவரிடம் சொல்வது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை. கையைச் சந்தேகப்பட்டாள், மனதைச் சந்தேகப்பட்டாள், கேமராவைச் சந்தேகப்பட்டாள்.

"கேமராதான்" என்றார் அவர். "சீக்கிரம் ஒரு முடிவு எடுத்துடறேன்."

"எடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மழை போய்க் குளிர் வந்த பிறகுதான் அந்த ஹோட்டல் வேலை வந்தது. புதிதாகத் திறக்கப்போகும் பெரிய கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். கூடத்தை அவர் எடுக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு வரும் ஆட்களை மச்சினன் எடுக்க வேண்டும். அவன் சீக்கிரமே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் முக்காலியை நிறுத்திக் கண்ணை வைத்தார். தூண்கள் எல்லாம் நடுவில் இடுப்பொடிந்து நின்றன. நடுத்தூணின் நடுப்பகுதி கறைக்குள் போய்விட்டது, உச்சியும் அடியும்தான் தெரிந்தன. லென்ஸைத் திருகினார், முக்காலியை நகர்த்தினார். நெற்றியில் வியர்த்தது. ஹோட்டல் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

மானம், வீம்பு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கழன்று விழுந்தது. "மச்சான், உன்னோடதைக் குடுடா" என்றார்.

மச்சினன் நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தான். "இதுக்குத்தான் அத்தான் நாலு வருஷமா காத்திருந்தேன்! இந்தாங்க. ஒருதடவை பார்த்தா விடவே மாட்டீங்க."

அவர் இடது கண்ணை மூடி, வலது கண்ணை அதில் வைத்தார். தூண்கள் இடுப்பொடிந்து நின்றன. நடுத்தூண் கறைக்குள் இருந்தது.

"இதுவும் கோணல்" என்றார். "உன்னோடதும் குப்பைடா."

"என்ன அத்தான் சொல்றீங்க?" அவன் வாங்கிப் பார்த்தான். "கோடு போட்ட மாதிரி இருக்கே?"

"நடுத்தூணைப் பாரு. பாதியைக் காணோம்."

"எல்லாத் தூணும் இருக்கு அத்தான்." அவன் சிரித்துக்கொண்டே தலையை உயர்த்தினான். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவர் எந்தக் கேமராவும் இல்லாமல், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். தூண்கள் வளைந்தே இருந்தன. மெல்லத் திரும்பி மச்சினனைப் பார்த்தார். சட்டை தெரிந்தது, காது தெரிந்தது, தலைமுடி தெரிந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் திட்டு இருந்தது. கறையை எத்தனை தடவை துடைத்தோம் என்று நினைத்துப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மூன்று பேரும் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டாக்டரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணுக்குக் கட்டங்கள் ஒழுங்காக இருந்தன. வலது கண்ணுக்கு, யாரோ நடுவில் விரலை விட்டுக் கலைத்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படம் எடுத்தே பிழைத்தவரின் கண்ணுக்குள்ளே படம் எடுத்தார்கள்.

"கண்ணுக்குப் பின்னால படம் விழுற ஒரு திரை இருக்கு சார்" என்றார் டாக்டரம்மா. "அதுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. முதல்ல அது திரையை மேடாக்கும். அப்போதான் நேர்க்கோடு வளைஞ்சு தெரியும். விட்டுட்டா தழும்பாயிடும். உங்களுக்குக் கோடு வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

மனைவிதான் சொன்னாள். "மழைக்கு முன்னாடி டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மழைக்கு முன்னாடியா? இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

என்ன பண்ணினார்கள்? எந்தக் கேமரா வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதை அந்த அறையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? கண் போன பிறகு செய்கிற காரியத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அவர்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கே நா எழவில்லை.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?" என்று கேட்டார் அவர்.

"அதை இப்போ பேசி என்ன ஆகப்போகுது சார்? கண்ணுக்குள்ள ஊசி போடலாம். மேற்கொண்டு கசியாம நிறுத்தப் பார்க்கலாம். தழும்பு விழுந்த இடம் திரும்பி வராது. இன்னொரு கண்ணையும் கவனமா பார்த்துக்கணும். அதுலயும் வரலாம், வராமலும் போகலாம். தினமும் இந்த அட்டையைப் பாருங்க." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "வீட்ல நீங்க யாரும் கவனிக்கலையாம்மா?"

"கேமராவை நானும்தான் பார்த்தேன் டாக்டர்" என்றாள் மனைவி. "எனக்கு நேரா தெரிஞ்சுது. எனக்கு நேரா தெரிஞ்சா அவருக்குத்தான் ஏதோ ஆச்சுன்னு ஏன் எனக்குத் தோணலை? நான்தான் சோடாபுட்டி. எங்க வீட்டுக்குக் கண்ணே அவர்தான். அவர் கோணல்னு சொன்னா எங்களுக்கு அது கோணல்தான்." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

ஊசிக்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு, வெளியே நீளப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மச்சினன். எதிர்ச் சுவரில் கண்ணைப் பாதுகாப்பது பற்றி ஒரு படம் சற்றே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை நேராக்க யாரும் எழுந்து போகவில்லை.

மச்சினனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கொஞ்ச நேரம் காலை ஆட்டினான், செல்போனை எடுத்தான், வைத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அத்தான்."

"ம்."

"ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி."

"எது?"

"டிஎஸ்எல்ஆர்தான். நிஜ வெளிச்சத்தைப் பார்க்கிறதுதான் பார்க்கிறது. என்னோடது டிவிதான் அத்தான். பேட்டரியும் நிக்கிறதில்ல. நானே பழையபடி மாறிடலாம்னு இருக்கேன்."

நாலு வருஷமாக இந்த ஒரு வார்த்தையை இவன் வாயிலிருந்து வரவழைக்கத்தான் அவர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், மனைவி சாட்சியாக, இவன் இதைச் சொல்வான் என்று கனவுகூடக் கண்டிருக்கிறார். இதோ சொல்லிவிட்டான். டாக்டரம்மா தழும்பு என்று சொன்னபோதுகூட அவருக்கு மரத்துப்போய்த்தான் இருந்தது. இப்போதுதான் பயம் வந்தது. இவனே விட்டுக்கொடுக்கிறான் என்றால் தனக்கு நடந்திருப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

"வேணாம்டா" என்றார்.

"என்ன வேணாம் அத்தான்?"

"விட்டுக்குடுக்காதே. உன்னோடதுதான் உசத்தின்னு சொல்லு. எப்பவும் போலச் சொல்லு."

மச்சினன் வாயைத் திறந்தான். "என்னோடதுல..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை.

"சொல்லுடா. எடுக்கப்போற படம் முன்னாடியே தெரியும்னு சொல்லுவியே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. கரண்டியோடு நடுவில் வந்து நின்று எத்தனையோ தடவை அந்தச் சண்டையை நிறுத்தியவள், இப்போது கணவனைத் தாண்டிக் கையை நீட்டித் தம்பியின் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள்.

"பேசுடா. அவர் கேட்கிறார் இல்ல? ஏதாவது பேசு."

அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அவருடைய இரண்டு கண்ணிலும் கூசியது. நர்ஸ் கதவைத் திறந்து, "அடுத்தது நீங்கதான் சார், வாங்க" என்றாள்.